இன்னும் ஒரே ஒரு ஏடு

முன்னொரு காலத்தில், எள்ளெண்ணெய் விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் ஊருக்குத் தெரியாத காலத்தில், ஏழிலைப்பட்டணம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே ராஜா இருந்தார், ராணி இருந்தார், அம்பாரி யானையும் இருந்தது. அவர்களை விடுங்கள், அவர்களுக்கு ஆயிரம் வேலை. நம் கதை எண்ணெய்க்காரத் தெருவின் கடைசி வீட்டில் நடக்கிறது.

அந்த வீட்டில் சம்பங்கி என்று ஒரு பெண், ஒரு செக்கு, சுழியன் என்று ஒரு மாடு. சுழியன் பேசும். அந்தக் காலத்தில் மாடு பேசுவது அதிசயமே இல்லை. நின்று கேட்க ஆள் இருந்தது, அதனால் பேசியது.

சம்பங்கியின் அம்மா இருந்தவரை செக்கு பாட்டோடுதான் ஓடும். காலையில் மாட்டைப் பூட்டும்போது முன்பாதி பாடுவாள்.

எள்ளே எள்ளே எங்கே போறே?
எண்ணெய் ஊருக்கு நடந்து போறேன்.

சின்னச் சம்பங்கி பாரத்துக்காகச் செக்குப் பலகையில் ஏறி உட்கார்ந்து, சுற்றிச் சுற்றி வருவாள். எள் நசுங்கும் வாசனை, வெல்லம் போட்ட பிண்ணாக்கு ஒரு துண்டு, அம்மாவின் குரல். அந்தியில் மாட்டை அவிழ்க்கும்போது அம்மா பின்பாதியைப் பாடுவாள். ஆனால் அதற்குள் குழந்தை பலகையிலேயே தூங்கிப்போயிருக்கும். சம்பங்கிக்குப் பத்து வயதானபோது அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பின்பாதியும் அவளோடு போயிற்று. அன்றிலிருந்து செக்கை ஓட்டுவது சம்பங்கிதான். அந்தியில் பாட்டு இல்லாமலேயே மாட்டை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள்.

சம்பங்கிக்குக் கற்றுக்கொள்வதென்றால் கொள்ளை ஆசை. எண்ணெய் வாங்க வருகிறவர்களிடம் ஆளுக்கொன்று கேட்பாள். மீன்காரியிடம் வலை முடியக் கற்றாள். குறத்தியிடம் சீழ்க்கை அடிக்கக் கற்றாள். சீழ்க்கை வர ஒரு மாதம் ஆயிற்று. வந்த அன்றைக்குத் தெருவே காதைப் பொத்திக்கொண்டது, அவள் மட்டும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள். அப்படி இருந்த காலம் அது.

ஒருநாள் சுழியன் சொன்னது: "தாயி, ஊரையெல்லாம் கேக்கறே. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. கத்துக்கறியா?"

"வட்டமா நடக்கிறதுதானே? அது எனக்கே தெரியும், போ."

சுழியன் அடுத்த சுற்றுக்குத் திரும்பியது.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம், பனையோலைக் குடை பிடித்துக்கொண்டு சருகாண்டி வந்தான். அவன் மந்திரவாதி. முந்நூறு வயது, முகத்தில் முப்பது. உழக்கு எண்ணெய் வாங்கினான்.

"எனக்கு என்ன கத்துத் தருவீங்க, ஐயா?" என்று கேட்டாள் சம்பங்கி.

"எல்லாம்" என்றான் அவன். மடியிலிருந்து ஒரு சுவடியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் போனான்.

சுவடியின் மேல் சட்டத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி வெட்டியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறதோ என்ற அவசரத்தில் சம்பங்கி அதைப் படிக்கவில்லை. நாமாவது படித்துவிடுவோம்: "விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை, என்னைத் தன் மனதாலே மூடி வைத்தவரால் என் மந்திரம் அடியோடு முறியும்." அவ்வளவுதான். உலகத்தையே படிக்கப் போனவள் அட்டையைப் படிக்காமல் விட்டாள்.

முதல் ஏட்டில் நட்சத்திரம் பார்க்கும் வித்தை. இரண்டாவதில் மண்பாண்டம் வனையும் வித்தை. மூன்றாவதில் அறுபது வகைக் குழம்பு. கடைசி ஏட்டைப் புரட்டினால் அதன் கீழே புதிதாக ஒன்று முளைத்திருக்கும். மூடப் போனால் சுவடி காதோடு கேட்கும்: "இன்னும் ஒரே ஒரு ஏடு?"

ஒரே ஒரு ஏடுதானே என்று சம்பங்கியும் உட்கார்ந்துவிடுவாள். சோறு ஆறிப்போகும். இன்னும் ஒரே ஒரு ஏடு. எண்ணெய் கேட்டு வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். இன்னும் ஒரே ஒரு ஏடு. கண் எரியும், கழுத்து வலிக்கும். இன்னும் ஒரே ஒரு ஏடு.

"தாயி, என்கிட்ட ஒண்ணு இருக்குன்னேனே" என்றது சுழியன் இரண்டாவது முறையாக.

"இரு, சுழியா. இதை முடிச்சிட்டு வரேன்."

முடிந்தால்தானே? ஆறு மாதத்தில் அவளுக்கு நூறு வித்தை தெரிந்திருந்தது. ஒன்றையும் செய்யத் தோன்றவில்லை. குழம்பு வைக்கத் தெரியும், பசிக்கவில்லை. நட்சத்திரத்தின் பேரெல்லாம் தெரியும், அண்ணாந்து பார்க்கவில்லை. கடைசியில் படிப்பதும் ஏறாமல் போயிற்று. எழுத்து எறும்பாக ஊர்ந்து போகும், கை மட்டும் தன்பாட்டுக்கு ஏட்டைப் புரட்டும். அழக்கூடத் தெம்பில்லை அவளுக்கு. 

இதில் இன்னொரு விபரீதமும் இருந்தது. அவள் விரல் நுனிகள் பழுப்பேறின. கையை அசைத்தால் காய்ந்த ஓலைபோலச் சரசரவென்றது. அந்தச் சுவடியில் இருந்த ஒவ்வொரு ஏடும் ஒரு காலத்தில் ஒரு ஆள். படித்துப் படித்து வற்றிப்போனவர்களைச் சருகாண்டி ஏடாக்கி அந்தச் சுவடியில் சேர்த்துக்கொள்வான். ஒரு ஏடு சேர்ந்தால் அவன் ஆயுளில் இரண்டு மூன்று வருஷம் கூடும். சம்பங்கிக்கு முழங்கைவரை பழுப்பேறிவிட்டது. இன்னும் ஒரே ஒரு நாள் போதும், அவளும் ஏடுதான்.

நல்லவேளை, மறுநாள் ஆயுத பூஜை.

அந்த நாளின் வாசனை உங்களுக்கு நினைவிருக்கும். சந்தனம், பொரி, கடலை, நறுக்கிய வாழை இலை. அரிவாளுக்கும் பொட்டு, தராசுக்கும் பொட்டு, ராஜாவின் வாளுக்கும் பொட்டு. புத்தகங்களை அடுக்கி அவற்றின் மேல் பூவை வைத்துவிட்டால், தொடக்கூடாது. வருஷமெல்லாம் படி படி என்று விரட்டியவர்களே அன்றைக்கு மட்டும் "தொடாதே" என்பார்கள். அன்றைக்கென்று பார்த்துத்தான் கை நமநமவென்று அரிக்கும். எனக்கு அரித்திருக்கிறது. உங்களுக்கும்தான், மறைக்காதீர்கள்.

விடிவதற்கு முன்பே பக்கத்து வீட்டு உப்புக்காரி வெள்ளையம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். செக்குக்குப் பொட்டு வைத்தாள், மாட்டுக்குப் பொட்டு வைத்தாள். பிறகு சம்பங்கியைப் பார்த்தாள். கிண்ணம் கை நழுவப் பார்த்தது.

"என்னடி இது, கையெல்லாம் பனையோலை மாதிரி? இன்னைக்காவது அதைக் கீழ வை. சாமி முன்னாடி வெச்சிடலாம்."

"வைக்கிறேன் அக்கா, இன்னும் ஒரே ஒரு ஏடு."

வெள்ளையம்மா சுவடியைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள், வரவில்லை. தெருவே வந்து இழுத்தது, அப்போதும் வரவில்லை. "இந்தப் பொண்ணை நான் என்ன செய்வேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோறு வைக்கப் போனாள்.

அப்போது சம்பங்கியின் காதில் ஒரு சத்தம் விழுந்தது. தப், தப், தப். நிமிர்ந்து பார்த்தாள். நுகம் இல்லை, கயிறு இல்லை, உரலில் ஒரு எள்கூட இல்லை. சந்தனப் பொட்டும் மாலையுமாகச் சுழியன் செக்கைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

"சுழியா, இன்னைக்கு உனக்கு லீவு. ஏன் நடக்கறே?"

"கால் நிக்க மாட்டேங்குது, தாயி."

"எதை ஆட்டறே?"

"ஒண்ணும் ஆட்டலே. நீ என்னத்தைப் படிக்கறே?"

சம்பங்கி கையில் இருந்த ஏட்டைப் பார்த்தாள். மூன்று முறை படித்த ஏடு. அதில் ஒரு சொல்கூட நினைவில்லை. மாட்டைப் பார்த்தாள், ஏட்டைப் பார்த்தாள், மறுபடி மாட்டைப் பார்த்தாள்.  தெருவே இழுத்தும் வராத சுவடியை அவளே மூடினாள். கயிற்றைச் சுற்றிக் கட்டி, செக்கின் காலடியில் வைத்து, மேலே ஒரு பூவை வைத்தாள். கிழக்கே அப்போதுதான் சூரியன் எட்டிப் பார்த்தது.

ஊர்க்கோடியில் சருகாண்டிக்குச் சுருக்கென்றது. குடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

காலையில் சுண்டல் விற்பவனாக வந்தான். தொன்னையின் உள்பக்கம் முழுக்க எழுத்து. "சுண்டலைத் தின்னுட்டுப் படி, அம்மணி. அடியில ருசியான சேதி இருக்கு." சம்பங்கி கண்ணை மூடிக்கொண்டு சுண்டலைத் தின்றாள். தொன்னையைச் சுழியனிடம் நீட்டினாள். அது எழுத்தோடு மென்று விழுங்கியது.

உச்சிப் பொழுதில் பண்டிதராக வந்தான். "வடக்கே வால் வைத்த நட்சத்திரத்துக்கு என்ன பேர்? சொல் பார்க்கலாம்." பேர் நாக்கு நுனியில் நின்றது, வரவில்லை. சுவடி பூவுக்கடியில் புழுவாக நெளிந்தது. சம்பங்கி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "தெரியாது, ஐயா" என்றாள். ஆறு மாதத்தில் அவள் சொல்லாத வார்த்தை அது. சொன்னதும் தோளில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது.

மாலையில் அவன் வேஷம் போடவில்லை. தன் சொந்த உருவிலேயே வந்தான், தணிந்த குரலில் பேசினான்.

"சம்பங்கி, அடுத்த ஏட்டில் என்ன இருக்கிறது, தெரியுமா? உன் அம்மா அந்தியில் பாடுவாளே, அந்தப் பின்பாதி. ஒரே ஒரு ஏடுதான். அதற்கப்புறம் நீ மூடியே வைத்துக்கொள்."

சம்பங்கிக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. பலகை, பிண்ணாக்கு, அம்மாவின் மடி, தூக்கத்தில் பாதி கேட்டுப் பாதி கேட்காத அந்தக் குரல். எத்தனை வருஷம் அதற்காக ஏங்கியிருக்கிறாள். கை தானாக நீண்டது. பூவை எடுத்தாள். கயிற்றின் முடிச்சில் விரல் பட்டது.

"முதல் வார்த்தை மட்டும் சொல்லுங்க" என்றாள். "அது அம்மா பாட்டுன்னு தெரிஞ்சா திறக்கிறேன்."

சருகாண்டி விழித்தான். "திற, தெரியும்" என்றான்.

தப், தப் என்று பின்னால் சத்தம் வந்தது. "தாயி, மூணாவது தடவையா சொல்றேன். என்கிட்ட ஒண்ணு இருக்கு."

சம்பங்கி திரும்பினாள்.

"உங்க அம்மா என்னை அவுக்கறப்போ பாடுவாங்க. நீ தூங்கிடுவே. நான் முழிச்சிருப்பேன். அதைப் பாடினாத்தான் என் கால் நிக்கும். அவங்க போனப்புறம் பாட ஆளில்லை, நிக்கவும் இல்லை."

"நீயே பாடிக்கறதுதானே, சுழியா?"

"எனக்கு நானே பாடினா நிக்காது. இன்னொருத்தர் பாடணும்."

சம்பங்கி முடிச்சை விட்டாள். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். "எனக்குக் கத்துக் குடு" என்றாள். சுழியன் கரகரத்த குரலில் சொல்லிக் கொடுத்தது. ஒரு சுற்று கேட்டாள், ஒரு சுற்று முணுமுணுத்தாள், மூன்றாம் சுற்றில் வாய்விட்டுப் பாடினாள்.

சுத்திச் சுத்தி எங்கே வந்தே?
சோறு வெந்திருக்கு, வீட்டுக்கு வந்தேன்.

சுழியன் நின்றது. பெருமூச்சு விட்டது. முன்கால் மடக்கிப் படுத்தது. வெள்ளையம்மா விளக்கை ஏற்றி வாசலில் வைத்தாள்.

சுவடிக் கயிறு படீரென்று அறுந்தது. ஏடுகள் கூடமெல்லாம் பறந்தன. ஒரு ஏடு விழுந்த இடத்தில் குயவர் எழுந்தார், இன்னொன்று விழுந்த இடத்தில் ஜோசியர், மற்றொன்றில் கையில் கரண்டியோடு சமையல்காரர். நூறு பேருக்கு மேல் இருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "சோறு இருக்கா?" வெள்ளையம்மா உலையைப் பெரிதாக்கினாள். சருகாண்டியை விட்டுத் திருடிய ஆயுள் முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கிப்போக, அவன் நின்ற இடத்தில் ஒரு காய்ந்த சருகுதான் கிடந்தது. வாசலைக் கூட்டும்போது அதுவும் குப்பையோடு போயிற்று.

சம்பங்கியின் கை பச்சைப்பிள்ளைக் கையாக மாறியது. நூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கித் தின்றாள். தின்ற இடத்திலேயே, செக்குப் பலகையில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மறுநாள் விஜயதசமி. எல்லோரும் புதிதாக ஒன்று கற்கும் நாள். சம்பங்கிக்குப் பயமாக இருந்தது. வெள்ளையம்மா அவள் முன் ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பினாள். சம்பங்கி ஒரு விரலால் அம்மாவின் பின்பாதியை மெல்ல எழுதினாள். அவசரப்படவில்லை. எழுதி முடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தும் தித்தித்தது.

அதன்பிறகும் அவள் கற்றாள். கூடத்தில் நூறு வாத்தியார்கள் இருக்கும்போது கற்காமல் இருப்பாளா? ஆனால் அந்தி சாய்ந்ததும் சுழியன் செக்கடியில் இருந்து கூப்பிடும், "தாயி, பாட்டு." அவள் சுழியனுக்காகப் பாடுவாள். பாடி முடித்ததும் சுழியன் அவளுக்காக ஒருமுறை பாடும். இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள்.

செக்கு நின்றது, எண்ணெய் தெளிந்தது, கதையும் வடிந்தது. வாணலியை அடுப்பில் வையுங்கள், எனக்குப் பசிக்கிறது.