பஞ்சு வயித்துல கதவடைப்பு

ஒரு ஊர்ல ஒரு மில்லு. மில்லுக்கு ஒரு கேட்டு. கேட்டுல இம்மாம் பெரிய பூட்டு. பூட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பந்தல். பந்தலுக்கு அடியில கவுத்து வெச்ச ஒரு கூடை. கூடைக்குள்ள ஒரு முயல்குட்டி. "ம்" சொல்லு அம்மிணி, நீ சொன்னாத்தான் அது வெளிய வரும்.

"ம்."

வந்துருச்சு பாரு! துள்... துள்... துள்னு! உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் சாம்பல். நூல் மில்லு ஆளுங்க வேற என்ன பேரு வெப்பாங்க? பஞ்சு!

"கேட்டுக்கு எதுக்கு அப்பாரு பூட்டு?"

அது மொதலாளி போட்டது. கூலி பத்தலைங்க, கொஞ்சம் கூட்டிக் குடுங்கன்னு ஆளுங்க போய்க் கேட்டாங்க. அதுக்கு அவன், "பத்தலைன்னா புல்லைத் திங்கச் சொல்லு"ன்னான். சொல்லிப்போட்டுக் கேட்டை இழுத்துப் பூட்டிட்டான். அதுக்குப் பேருதான் கதவடைப்பு. தடதடதடன்னு ராவும் பகலும் ஓடுன மில்லு, கம்முனு ஆயிருச்சு. ஒரு சத்தம் இல்லை.

அப்புறம் ஆளுங்க சும்மா இருப்பாங்களா? கோர்ட்டுல ஒரு கேசைப் போட்டுட்டு, கேட்டுக்கு முன்னாலயே பந்தல் போட்டு உக்காந்துட்டாங்க. அடுப்பு மூட்டி, அண்டா வெச்சு, கஞ்சித்தொட்டி திறந்தாங்க. பந்தலுக்கு வந்தவங்க யாரும் வெறும் வயித்தோட போகக்கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டாங்க. இன்னொரு சட்டத்தை அவங்க தலைவரு போட்டாரு. பொன்னுரங்கம்னு பேரு. செவப்புத் துண்டு, கம்பீரமான மீசை, கையில எப்பவும் மைக்கு. அவரு சொன்னாரு: "புல்லைத் திங்கச் சொன்னான்ல? இந்தப் பந்தலுக்குள்ள ஒரே ஒரு புல்லு கூட வரக்கூடாது. இது நம்ம மானம்!"

சொன்னது சொன்னதுதான். அரிசி மூட்டை கொண்டாந்த வண்டிக்காரரு, மாட்டுக்கு வெச்சிருந்த வைக்கோலை அக்கட்டால போட்டுட்டுத்தான் உள்ள வரணும். மாடு 'ம்மா'ன்னு கத்தும். கத்துனாக் கத்தட்டும்!

"ஹிஹி. முயல் யாரோடது?"

திலகாவோடது. மாரப்பன்னு ஒருத்தரு, நூல் நூத்தவரு, இப்பக் கஞ்சித்தொட்டியில கரண்டி புடிக்கறவரு. அவரு மகதான் திலகா. உன்னைவிடக் கொஞ்சம் பெரிய புள்ளை. அப்போ பள்ளிக்கூடம் லீவு. அப்பன் கூடவே பஞ்சுவைத் தூக்கிட்டு வந்துருவா. பஞ்சு அப்பத்தான் தாய்ப்பால் மறந்த குட்டி.

பந்தலுக்கு வந்தவங்க வெறும் வயித்தோட போகக்கூடாதுங்கறது சட்டம். பஞ்சுவும் வந்ததுதான? ஒருத்தரு பன்னைப் பிச்சுப் போடுவாரு. இன்னொருத்தரு பொரி போடுவாரு. டீக்கடை ராமாத்தா வடையைப் பொடிச்சுப் போடும். கேரட்டு, பிஸ்கோத்து, முட்டைக்கோசு... மொறுக் மொறுக் மொறுக்குனு பஞ்சு எல்லாத்தையும் தின்னுச்சு. புல்லு மட்டும் யாரும் போடலை.

"ஏன்?"

பந்தலுக்குள்ளதான் புல்லே வரக்கூடாதே! திலகா ஒருக்கா ஒரு பிடி புல்லுப் புடுங்கிட்டு வந்தா. ராமாத்தா அதை அவ கையில இருந்து பிடுங்கி வீசிருச்சு. "அட ஏன் சாமி, நம்மாளுக்கே புல்லுப் போடறியா? மொதலாளி பாத்தாச் சிரிப்பான்!"னு சொல்லிட்டு, பஞ்சுவுக்கு ஒரு வடையைப் போட்டுச்சு.

அப்புறம் ஒருநாள் காலையில என்னாச்சு தெரியுமா?

"ம்?"

பன்னு போட்டாங்க. பஞ்சு திரும்பிக்கிச்சு. கேரட்டு போட்டாங்க. மூஞ்சியத் தூக்கவே இல்லை. ராமாத்தா சுடச்சுட வடை கொண்டாந்துச்சு. ம்ஹும்! மூலையில பந்து மாதிரி சுருண்டு, கண்ணைப் பாதி மூடி உக்காந்திருக்குது.

பொன்னுரங்கம் வந்தாரு, பாத்தாரு. மீசை துடிச்சுது. ஓடிப்போய் மைக்கைப் புடிச்சாரு. "தோழர்களே! வாயில்லாத ஜீவனுக்கும் ரோசம் வந்துருச்சு! நமக்காக நம்ம பஞ்சு இன்னியில இருந்து சாகும்வரை உண்ணாவிரதம்!"

அடேங்கப்பா! பந்தலே எந்திரிச்சு நின்னுருச்சு. "பஞ்சுவின் போராட்டம்... வெல்லட்டும்! வெல்லட்டும்!" ஒருத்தரு செவந்திப்பூ மாலை கட்டிப் போட்டாரு. ஒருத்தரு அட்டையில பஞ்சு பேரைப் பெருசா எழுதிக் கூடை மேல சாத்துனாரு. பத்திரிகைக்காரனுக்கு ஆள் போச்சு. டும் டும் டும்னு பறை வேற! முயலுக்கு அவ்வளவு பெரிய காது. அது அந்தச் சத்தத்துல வெடவெடன்னு நடுங்குது. இவங்க அதைக் கோவம்னு நெனச்சுக்கிட்டாங்க.

திலகா மட்டும் கைதட்டலை.

"ஏன் தட்டலை?"

தெனமும் காலையில கூடையைத் தூக்கிப் புழுக்கை கூட்டறது அவதான். மிளகைவிடக் கொஞ்சம் பெருசா, உருண்டை உருண்டையா ஒரு பிடி கெடக்கும். அன்னிக்குக் கூடையைத் தூக்குனா, ஒண்ணு கூட இல்லை. காதை வெச்சுக் கேட்டா. பஞ்சு பல்லைக் கடிக்குது. கிர்ர்... கிர்ர்... வயித்து நோவு. வயித்துல காதை வெச்சா. கம்முனு இருக்குது.

அப்போ நேரா அப்பன்கிட்ட ஓடுனா. "அப்பா, பஞ்சுக்கு ஒடம்பு சரியில்லீங்ப்பா!"

மாரப்பன் அண்டாவைக் கிண்டிட்டே, "வெயிலுக்கு அப்படித்தான் கண்ணு இருக்கும். தள்ளி நில்லு, கஞ்சி தெறிக்கும்"னாரு.

அப்புறம் பொன்னுரங்கத்துகிட்ட ஓடுனா. "தலைவரே, பஞ்சு உண்ணாவிரதம் இல்லீங்க. வெளிக்கே போகலீங்க!"

அவரு அவ தலையத் தடவிட்டு, "உண்ணாவிரதம் இருந்தா எப்படி வெளிக்கு வரும்? போராட்டம்னா நோவு இருக்கும் பாப்பா"ன்னு சொல்லிட்டு மறுபடி மைக்குப் பக்கம் போயிட்டாரு. மைக்கு ஒண்ணு கையில இருந்தாப் போதும் அம்மிணி, காது தானா அடைச்சுக்கும். நான் பாத்த தலைவருங்க அத்தனை பேருக்கும் அந்த வியாதி இருந்துச்சு.

திலகா என்ன பண்ணுனா? அவரு தண்ணி குடிக்க மைக்கைக் கீழ வெச்சாருல்ல? ஒரே தாவு! மேடையில ஏறி, மைக்கைத் தூக்கி, "கீ...ஈ...ங்!"னு அது அலற அலறக் கத்துனா:

"பஞ்சு உண்ணாவிரதம் இல்லீங்க! நீங்க போட்ட வடையும் பன்னும் வயித்துல அடைச்சுக்கிச்சு! பஞ்சு செத்துப்போயிரும்ங்க!"

பறை நின்னுபோச்சு. ஆளாளுக்கு மூஞ்சியப் பாத்துக்கறாங்க. அண்டாவுல கரண்டி 'டமார்'னு விழுந்துச்சு. மாரப்பன் ஓடியாந்து பஞ்சுவைத் தூக்குறாரு. காதைத் தொட்டா சில்லுனு இருக்குது!

"அப்பாரு... பஞ்சு செத்துருச்சா?"

செத்துருந்தா இந்தக் கதையை நீ தூங்கப் போறப்ப நான் சொல்லுவனா? தலையணையில தலைய வை. "ம்" சொல்லு.

"ம்."

அப்போ ஒருத்தரு ஓமத்தண்ணியோட வந்தாரு. ஒருத்தரு விளக்கெண்ணெயோட வந்தாரு. ராமாத்தா சோடா பாட்டிலை 'டொப்'புனு ஒடச்சுட்டு, "ஒரு மொடக்கு ஊத்துனா ஏப்பம் வந்துரும்"னுச்சு.

"யாரும் ஒண்ணும் ஊத்தாதீங்க! ஊட்டி ஊட்டித்தான இந்தக் கதி?"ன்னு திலகா குறுக்க நின்னுட்டா.

மாரப்பன் பஞ்சுவைத் துண்டுல சுத்தி மார்ல கட்டிக்கிட்டாரு. மகளைச் சைக்கிள் பின்னால ஏத்துனாரு. கிணிங் கிணிங் கிணிங்! "வழி வுடுங்கோ! வழி வுடுங்கோ!" சந்தைப்பேட்டை தாண்டி, ரயில்வே கேட்டு தாண்டி, நேரா மாட்டாஸ்பத்திரி! அங்க வாசல்ல ஒருத்தன் காலை நீட்டிக்கிட்டு, "இது மாட்டாஸ்பத்திரிய்யா, முயலுக்கெல்லாம் சீட்டு கிடையாது"ன்னான்.

மாரப்பன் சொன்னாரு: "இன்னிக்கு ஒருநாள் இதையும் மாடுன்னே எழுதிக்க. சின்ன மாடு." சொல்லிட்டு உள்ள போயிட்டாரு!

உள்ள ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. பஞ்சுவை மெதுவா வாங்கி மேசையில வெச்சு, வயித்தை விரல் நுனியால அமுக்கிப் பாத்துச்சு. குழாயை வெச்சுக் கேட்டுச்சு. மூஞ்சி மாறிப்போச்சு.

"எப்ப இருந்து திங்கலை?"

"காலையில இருந்துங்க."

"உடனே கொண்டாந்தீங்களே, நல்லது. நாளைக்குப் பாக்கலாம்னு இருந்திருந்தீங்கன்னா இது பொழைச்சிருக்காது. முயலால வாந்தி எடுக்க முடியாது. உள்ள போனது கீழ நகந்துட்டே இருக்கணும். நீங்க என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"நூல் மில்லுங்க. இப்பப் பூட்டிட்டாங்க."

"அப்ப உங்களுக்குப் புரியும். முயல் வயிறு ஒரு மில்லுதான். மூணு ஷிப்டும் ஓடணும், லீவே கிடையாது. அதை ஓட்டறது புல்லு. நீங்க மாவும் இனிப்பும் எண்ணெயுமாப் போட்டு மில்லை நிறுத்திட்டீங்க. உள்ள ஒரு சத்தமும் இல்லை."

மாரப்பன் வாயத் திறந்தபடி நின்னுட்டாரு. "கதவடைப்புங்களா?"

"கதவடைப்பேதான்!"

அப்புறம் டாக்டரம்மா வயித்துல வேற அடைப்பு எதுவும் இருக்குதான்னு நல்லாப் பாத்துச்சு. நோவுக்கு ஒரு ஊசி, வயிறு நகர ஒரு ஊசி. முதுகுத் தோலுக்கு அடியில சலைன் ஏத்துனதும், பஞ்சுவுக்கு ஒட்டகம் மாதிரி ஒரு சின்னத் திமிலு வந்துருச்சு! சுடுதண்ணி பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வெச்சாங்க. "சத்தம் இல்லாத எடத்துல வெச்சுக்குங்க. வயித்தை மெல்லத் தடவிக் குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா நடக்க வுடுங்க. முக்கியமா, புல்லு. அது வாயால புல்லுத் திங்கணும். சாயங்காலத்துக்குள்ள புழுக்கை விழலைன்னா மறுபடி தூக்கிட்டு ஓடியாங்க"ன்னுச்சு.

கிணிங் கிணிங் கிணிங்! மறுபடி பந்தலுக்கு வந்தாச்சு. கூட்டமே எந்திரிச்சு நிக்குது. மாரப்பன் மூச்சு வாங்கிட்டே சொன்னாரு: "புல்லு வேணும். புல்லுத் தின்னாத்தான் பொழைக்கும்."

அத்தனை பேரும் பொன்னுரங்கத்தைப் பாக்கறாங்க. கோடைக்கு ஊரே காஞ்சு கெடக்குது. பச்சைப் புல்லு இருந்தது ஒரே எடத்துல. மில்லுத் தண்ணித் தொட்டி ஒழுகி ஒழுகி, கேட்டு ஓரமா கொழுகொழுன்னு அருகம்புல்லு! மேல மாடி சன்னல்ல மேனேசரு நின்னு வேடிக்கை பாக்கறான்.

"தலைவரு என்ன பண்ணுனாரு?"

பொன்னுரங்கம் மைக்கைக் கீழ வெச்சாரு. வெச்சுட்டுப் பஞ்சுகிட்ட வந்து குனிஞ்சு பாத்தாரு. கிர்ர்... கிர்ர்... இப்பத்தான் அவரு காதுல அது விழுந்துச்சு. தோள்ல இருந்த செவப்புத் துண்டை உருவி, கேட்டு ஓரத்துல விரிச்சு, மண்டி போட்டு உக்காந்தாரு. சரக்! சரக்! சரக்! புல்லைப் புடுங்கறாரு!

மேல இருந்து மேனேசரு கைதட்டிச் சிரிச்சான். "என்னய்யா பொன்னுரங்கம், பசி தாங்கலையா? மொதலாளி சொன்னபடியே ஆரம்பிச்சுட்டீங்களா?"

கூட்டம் பல்லைக் கடிச்சுது. பொன்னுரங்கம் மெல்ல எந்திரிச்சாரு, புல்லுக்கட்டைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுனாரு.

"ஆமாய்யா! புல்லு வேணும்கறவனுக்குப் புல்லு. சோறு வேணும்கறவனுக்குச் சோறு. ரெண்டையும் உன் வாசல்லயே எடுப்போம்!"

சன்னல் 'டப்'புனு சாத்திக்கிச்சு!

அப்புறம் பறையைத் தூரமா வெச்சாங்க. மாலையைக் கழட்டுனாங்க. திலகா பஞ்சுவை மடியில போட்டு வயித்தை மெல்ல மெல்லத் தடவறா. பொன்னுரங்கமே ஒரு புல்லை எடுத்து மூக்குகிட்ட நீட்டுறாரு. பஞ்சு மோந்து பாத்துச்சு. திரும்பிக்கிச்சு. இன்னொண்ணு நீட்டுனாரு. மீசை ஆடுச்சு. முயலோட மீசை அம்மிணி, அவரோடதில்லை. திங்கலை. மூணாவதா ஒண்ணு நீட்டுனாரு.

மொறுக்.

மொறுக்... மொறுக்... புல்லு உள்ள போகுது! திலகா அதோட வயித்துல காதை வெச்சா. கடமுட... கடகட... "அப்பா! ஓடுதுங்ப்பா! மில்லு ஓடுது!" பஞ்சுவைக் கீழ வுட்டா. ஒரு துள்ளு. நின்னுச்சு. இன்னொரு துள்ளு. நின்னுச்சு. பந்தல் மொத்தமும் அதோட பின்பக்கத்தையே பாத்துட்டு உக்காந்திருக்குது, தீர்ப்புக்குக் காத்திருக்கற மாதிரி.

சாயங்கால வெயிலு சாயறப்போ...

பொட்!

ஒண்ணு! ஒரே ஒரு புழுக்கை!

பொட்... பொட்... பொட்!

"தோழர்களேஏஏ! வந்துருச்சுஉஉ!"ன்னு பொன்னுரங்கம் மைக்கு இல்லாமயே கத்துனாரு. அப்ப எழுந்துச்சு பாரு ஒரு சத்தம்! ராமாத்தா குலவை போடுது. துண்டெல்லாம் ஆகாசத்துல பறக்குது. மாரப்பன் மகளைத் தூக்கித் தோள்ல வெச்சு ஆடறாரு. பஞ்சு பயந்துராம இருக்கத் திலகா ரெண்டு கையாலயும் அதோட காதைப் பொத்திக்கிட்டா.

மேனேசருக்கு ஒண்ணும் புரியலை. இத்தனை நாள்ல இப்படி ஒரு சத்தம் அவன் கேட்டதில்லை. 'போச்சு, கோர்ட்டுல அவனுங்க பக்கம் தீர்ப்பு வந்துருச்சு'ன்னு மொதலாளிக்கு போனைப் போட்டான். மொதலாளிக்கு வேர்த்துப் போச்சு. மறுநாள் கேட்டுல நோட்டீசு: பேச்சுவார்த்தைக்கு வரவும்!

"ஹிஹிஹி... புழுக்கைக்கா பயந்துட்டாங்க?"

புழுக்கைக்கேதான். அப்பேர்ப்பட்ட மொதலாளி.

"அப்ப ஜெயிச்சுட்டாங்களா அப்பாரு?"

ம்... கேட்டு திறந்துச்சு. கேட்டதுல பாதி குடுத்தான், மீதிக்கு மறுபடி பந்தல் போட வேண்டியதாச்சு. எப்பவும் பாதிதான் குடுப்பானுங்க. ஆனா பஞ்சு முழுசா ஜெயிச்சுது. அதுக்கப்புறம் பந்தலுக்கு யாரு வந்தாலும், ஒரு கையில பசங்களுக்குப் பன்னு, ஒரு கையில பஞ்சுவுக்குப் புல்லு.

"...ம்."

பஞ்சு வயித்துல மில்லு ஓடுது. கடகட... கடகட... உன் கண்ணுல கதவடைப்பு. கதையும் செரிச்சாச்சு, தூங்கு அம்மிணி.