டைம் கீப்பரின் இரண்டாவது நோட்டு

"இந்தப் போனை என் கையிலேருந்து பிடுங்கி வீசுங்க டீச்சர்" என்றார் ஆறுமுகநயினார்.

டீச்சர் கையை நீட்டினார். "கொடுங்க."

நயினார் போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"அப்ப வீசச் சொல்லி வரலை. உக்காருங்க அண்ணாச்சி."

நயினாருக்கு ஐம்பத்தேழு வயது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று நோட்டில் எழுதுவதும், நேரம் முடிந்த வண்டியை விசிலடித்துக் கிளப்புவதும் வேலை. முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறார். பஸ் ஸ்டாண்டு கடிகாரம் நின்றுபோனால்கூட டிரைவர்கள் அவர் முகத்தைப் பார்த்து நேரம் தெரிந்துகொள்வார்கள்.

டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். இப்போது தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் அச்சகத்துக்கு மேல்மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார். மனசு சரியில்லாதவர்கள் வருவார்கள். சிலருக்குப் பதில் சொல்வார். சிலருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார். தண்ணீர் குடித்தவர்கள் திட்டிக்கொண்டே படியிறங்குவார்கள், மறுவாரம் திரும்ப வருவார்கள்.

"அதுல என்னத்தைப் பாக்கீங்க?"

"என் மகளை."

"பேசுவாளா?"

"பேச மாட்டா."

அதற்குப் பிறகு நயினார் நிறுத்தவில்லை.

மகள் செண்பகா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஒரே பிள்ளை. தாய் இறந்து முதல் வருஷத் திதிக்கு அவள் ஊருக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாள். நயினாருக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. "பெத்தவளுக்கே வராதவ எனக்கு எதுக்கு? இனிமே எனக்குப் போன் போடாதே" என்று சொல்லிவிட்டார். செண்பகா சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. இதையும் கேட்டுக்கொண்டாள். எட்டு மாதம் ஆகிவிட்டது.

"நீங்க போடலாமே?"

"சொன்னவன் நானாச்சே. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போட?"

"அப்ப என்ன செய்யுதீங்க?"

நயினார் மஞ்சள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பஸ் ஸ்டாண்டு நோட்டைப் போலவே கோடு போட்டது. வந்த நேரம் ஒரு பக்கம், போன நேரம் ஒரு பக்கம். வாட்ஸ்அப்பில் மகள் பெயரைத் திறந்துவைத்துக்கொள்வார். அவள் போனை எடுத்தால் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வரும். வைத்துவிட்டால் கடைசியாக வந்த நேரத்தைக் காட்டும். அவர் இரண்டையும் எழுதிவிடுவார்.

"காலையில ஆறு நாப்பதுக்கு வருவா. ஏழு பத்துக்குப் போவா. மத்தியானம் ஒண்ணே காலுக்கு. போன செவ்வாக்கெழமை ஏழரை வரைக்கும் வரலை டீச்சர். காய்ச்சலா இருக்குமோ, ரோட்டுல ஏதும் ஆயிருக்குமோன்னு போனையே பாத்துக்கிட்டு நின்னேன். ஏழு முப்பத்திமூணுக்கு வந்தா. அப்புறந்தான் எனக்கு மூச்சே வந்தது."

"நல்லதுதானே?"

"அந்நேரம் ரெண்டு சாத்தூர் வண்டியும் ஒண்ணா கிளம்பி வாசல்ல முட்டிக்கிடுச்சு. நான் விசிலடிக்கலை. படியில நின்ன அம்மா ஒருத்தி கீழ விழுந்து, கையில ஏழு தையல்." நயினாரின் குரல் இறங்கியது. "அடுத்த தடவை தையலோட போகாது டீச்சர். எனக்கு பயமா இருக்கு."

கட்டுப்பாடு வைத்துப் பார்க்காமல் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார். அது பத்து மணி வரை தாங்கியது. டீக்கடை மாஸ்டரிடம் போனைக் கொடுத்துவைத்தார். அன்றைக்குப் பதினோரு டீ குடித்தார். அரைமணி நேரம் ஆனால் தானே பூட்டிக்கொள்ளும் ஏதோ ஒன்றைப் போனிலேயே போட்டுவைத்தார். பூட்டியவரும் அவர், திறக்கிற எண் தெரிந்தவரும் அவர். வேறென்ன ஆகும்?

"நேத்து எத்தனை தடவை பாத்தீங்க?"

"நூத்திப் பன்னெண்டு." நோட்டைப் பார்க்காமலே சொன்னார்.

"அதை ஒண்ணாக்கணும்."

"அதைத்தானே நானும் கேக்கேன். எப்படி?"

"நாளைக்கு லீவு போட்டுட்டு ஒம்பது மணிக்கு வாங்க."

"போனை வீட்டுல வச்சுட்டு வரணுமா?"

"கொண்டாங்க. நோட்டுதான் வேண்டாம். என்கிட்ட இருக்கு."



மறுநாள் மாடிப்படியில் நின்று கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மணி எட்டு ஐம்பது. செண்பகா போயிருந்தாள்.

மேலே டீச்சர் பாயில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு. கோடு போட்டது.

"வந்துட்டேன் டீச்சர்."

டீச்சர் வாங்க என்று சொல்லவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். எழுதினார்.

நயினார் எதிரே உட்கார்ந்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரைமணி நேரத்தில் நயினாரின் கை சட்டைப் பைக்குப் போனது. டீச்சரின் பேனா நோட்டுக்குப் போனது. நயினார் கையை இறக்கினார். டீச்சர் அதையும் எழுதினார்.

நயினார் எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். டீச்சர் எழுதினார். அவர் இருமினார். எழுதினார்.

"நான் ஏதும் செய்யணுமா டீச்சர்?"

டீச்சர் நேரத்தைப் பார்த்து எழுதினார்.

பத்தரைக்குப் பூக்காரி வந்தாள். டீச்சர் அவளிடம் மருமகள் பிரசவத்தைப் பற்றிக் கேட்டார், சிரித்தார், இரண்டு முழம் வாங்கினார். அவள் போனதும் திரும்பி நயினாரைப் பார்த்தார். எழுதினார். பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர் செய்கிற ஆள் வந்தான். அவனிடமும் பேசினார். நயினாரிடம் மட்டும் இல்லை.

நயினாருக்குப் பையில் போன் கனத்தது. ஒண்ணே காலுக்குச் செண்பகா வருவாள். எடுத்தால் இந்த அம்மா அதையும் எழுதுவாள். ஒரு மனுஷன் என்ன கடைப்பொருளா, வந்ததும் போனதும் குறித்துவைக்க?

பன்னிரண்டரைக்கு அச்சகத்தில் பைண்டிங் செய்கிற அம்மாள் தூக்குச்சட்டியோடு மேலே வந்தாள். டீச்சர் தன்னுடையதைத் திறந்தார். எலுமிச்சம்பழச் சாதம். மணம் நயினாரின் மூக்கில் ஏறியது. இரண்டு பேரும் பங்கு வைத்துப் பேசிச் சிரித்துச் சாப்பிட்டார்கள். எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவரை ஒரு வாய் வார்த்தைக்குக்கூடக் கூப்பிடவில்லை. கோவில்பட்டியில் பகையாளி வீட்டில்கூட அப்படி நடக்காது.

பைண்டிங் அம்மாளுக்கே பொறுக்கவில்லை. "அண்ணாச்சிக்கு..." என்று ஆரம்பித்தாள். டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து, நயினாரைப் பார்த்து, எழுதினார்.

ஒண்ணே கால் வந்தது, போனது. நயினாருக்கு அது நினைவில்லை. அவர் முழுக்கக் கோபமாக இருந்தார். கோபத்துக்கு அடியில் அழுகை இருந்தது. அதுவும் அவருக்குத் தெரிந்தது.

இரண்டு நாற்பதுக்கு எழுந்துவிட்டார்.

"எதுக்கு டீச்சர் என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

டீச்சர் எழுதினார்.

"காலையிலேருந்து எழுதுதீங்க. சாப்பிட்டீங்களா அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

டீச்சர் நோட்டை நீட்டினார். "சரியா இருக்கான்னு பாருங்க. நீங்க முப்பது வருஷம் எழுதினவுங்க."

நயினார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 9.00 அண்ணாச்சி வந்தார். 9.30 கை பைக்குப் போனது. 10.10 தண்ணீர். 12.30 அண்ணாச்சி இருக்கிறார். 12.45 அண்ணாச்சி இருக்கிறார். 1.00 அண்ணாச்சி இருக்கிறார்.

விரலை வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். மறுபடி மேலே போனார். மறுபடி இறங்கினார்.

"தப்பு இருக்கா?"

"நேரமெல்லாம் சரிதான்."

"அப்புறம் எதைத் தேடுதீங்க?"

"எனக்குப் பசிச்சுது டீச்சர். நீங்க கேக்கலைன்னு அழுகை வந்துச்சு. அது எதுவுமே இதுல..."

நயினார் அங்கேயே நின்றுவிட்டார். வீட்டில் மஞ்சள் பைக்குள் இருக்கும் தன் நோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

டீச்சர் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நயினார் தண்ணீரைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் போனார். போனை எடுத்தார். மகள் பெயர். அதன் கீழே 'ஆன்லைன்' என்று இருந்தது. பழக்கதோஷத்தில் மற்றக் கை பேனாவைத் தேடியது. அவர் அந்தக் கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அழைத்தார்.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை.

"அப்பா."

நயினார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எட்டு அம்பதுக்குப் போனீங்க" என்றாள் செண்பகா. அவளுக்கு மூச்சு வாங்கியது. "அதுக்கப்புறம் வரவே இல்லை. ஒண்ணே காலுக்கும் வரலை. இப்ப மணி மூணாகப் போகுது. போன் போடக்கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. யார்கிட்டக் கேக்கன்னே எனக்குத் தெரியலைப்பா."

நயினார் கம்பியை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

"இல்லப்பா. நீங்க?"