கண்ணில் படாத உதவியாள்

செங்குளத்தை மழவராயர் ஆண்டபோது, அரண்மனைத் தெருக்கோடியில் முத்தாலம்மை என்றொருத்தி அதிரசக் கடை வைத்திருந்தாள். சின்னக் கடை. ஒரே அடுப்பு, ஒரே ஆள். அவள் அதிரசத்தை வாயில் வைத்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவு ருசி. ஆனாலும் கடை தேறவில்லை. பாகு காய்ச்சும் நேரம் பார்த்துத்தான் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். மகள் வளைகாப்புக்கு எப்போது தருவாய் என்பார்கள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் பாகு பதம் தப்பியிருக்கும். யாருக்கு எந்த நாள் சொன்னோம் என்பதும் அவளுக்கு மறந்துபோகும். கல்யாண வீட்டுக்குப் போகவேண்டிய கூடை கருமாதி வீட்டுக்குப் போய், ஒரு தடவை அடிதடியே நடந்தது.

அதற்குப் பிறகுதான் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்த குழல்வாய்மொழி அவளுக்கு உதவியாளாக அமைந்தாள். இருவரும் சந்தித்ததே இல்லை. எல்லாம் புறாக்கள் மூலம்தான். கடைக்கு வருகிறவர்கள் வேண்டியதை ஓலை நறுக்கில் எழுதிக் கொடுப்பார்கள். புறா அதைக் கொண்டுபோகும். யாருக்கு எந்த நாள் என்று குழல்வாய்மொழி முடிவுசெய்து பதில் அனுப்புவாள். வெல்ல வியாபாரிக்கு நினைவுபடுத்துவாள். கோபக்காரச் சம்பந்திகளுக்கு இதமாக நாலு வரி எழுதி அடக்குவாள். ஒருமுறை முத்தாலம்மை, படிக்கு எவ்வளவு வெல்லம் போடலாம் என்றும் அவளையே கேட்டுவிட்டாள். "அது உங்கள் கைக்குத்தான் தெரியும், அக்கா. அந்தக் கையை அடுப்பை விட்டு நகராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை" என்று பதில் வந்தது.

கடை பிடித்துக்கொண்டது. அரண்மனைச் சாமான் கிடங்கான உக்கிராணத்து அதிகாரி வைரவநாதருக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய மைத்துனரும் அதே தெருவில் பலகாரக் கடை வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வைரவநாதர் ராஜாவின் காதில் ஓதினார். யாருமே பார்க்காத ஒருத்தி எங்கோ உட்கார்ந்துகொண்டு நம் ஊர்க் கடையை நடத்துகிறாள், அவள் ஒற்றரோ பேயோ யார் கண்டது என்றார்.

ராஜா முத்தாலம்மையை வரவழைத்தார். அவள் மாவுக் கையோடு வந்து நின்றாள். அந்த உதவியாளைப் பார்த்திருக்கிறாயா என்று ராஜா கேட்டார்.

"ஆளைப் பார்த்ததில்லை, மகாராசா. அவ வேலையைத்தான் பார்த்திருக்கேன்."

நல்ல பதில்தான். ஆனால் வைரவநாதர் மறுபடியும் காதருகே குனிந்தார். ராஜா நிமிர்ந்து உட்கார்ந்து உத்தரவு போட்டார். "நாளை முதல் என் கண் முன்னால் செய்வதுதான் வேலை. என் கண்ணில் படாமல் இந்த நாட்டில் யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது."

அதை நிறைவேற்றும் பொறுப்பு வெயிலுகந்தானிடம் வந்தது. அவையில் ராஜாவுக்கு யோசனை சொல்கிறவர் அவர், வாய்த்துடுக்கும் உண்டு. அவர் பணிவாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"யாரும் என்றால் யாருமேவா, மகாராஜா?"

"யாருமே" என்றார் ராஜா எரிச்சலோடு.

மறுநாள் காலையில் ராஜாவுக்கு வெந்நீர் வரவில்லை. பலகாரமும் வரவில்லை. பசியும் கோபமுமாக அவைக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சிங்காதனத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக்கல்லைப் போட்டுச் சமையற்காரர் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். சிங்காதனத்தின் படியில் சலவைக்காரர் ராஜாவின் வேட்டியை ஓங்கி ஓங்கி அடித்தார். தெறித்த தண்ணீர் ராஜாவின் மீசை வரை வந்தது. நடுவில் பட்டத்து யானைக்குக் குளிப்பாட்டு நடந்தது. தூண் ஓரமாக எல்லைக் காவல்படை வரிசையாக நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம் என்ன கூத்து என்று ராஜா கேட்டார். இவர்கள் எல்லோரும் இத்தனை காலமாகத் தங்கள் கண்ணில் படாமலே வேலை செய்துவந்த குற்றவாளிகள், உத்தரவைக் கேட்டுப் பதறி ஓடிவந்துவிட்டார்கள் என்றார் வெயிலுகந்தான்.

ராஜா காவல் தலைவனிடம் திரும்பினார். "நீங்கள் இங்கே நின்றால் எல்லையில் யார் நிற்கிறது?"

"அங்கே நின்றால் தங்கள் கண்ணுக்குத் தெரியாதே, மகாராஜா" என்றான் அவன்.

ராஜா சலவைக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறந்ததிலிருந்து வெளுத்த வேட்டிதான் கட்டுகிறார். வெளுத்தவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார். பெயர் என்ன என்று கேட்டார். மாசானம் என்றார் அவர். ராஜா அவை முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எல்லாமே புது முகங்கள். கடைசியாக அவர் பார்வை பக்கத்தில் நின்றிருந்த வைரவநாதரிடம் வந்து நின்றது.

"இத்தனை பேரில் நான் தினமும் பார்க்கிறது வைரவநாதர் ஒருவரைத்தான். இவர் என்ன வேலை செய்கிறார், வெயிலுகந்தான்?"

வெயிலுகந்தான் கொஞ்சம் யோசித்தார்.

"அதுதான், மகாராஜா. கண்ணில் படுவதுதான் அவர் வேலை."

காவல் தலைவனுக்கு முதலில் சிரிப்பு பீறிட்டது. அப்புறம் ராஜா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு யானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உத்தரவு அங்கேயே ரத்தானது. வெயிலுகந்தானுக்கு ராஜாவின் தோளில் இருந்த பட்டு கிடைத்தது. வைரவநாதருக்கு எல்லைக் காவலில் இடம் கிடைத்தது.

சிரித்ததில் ராஜாவுக்குப் பசி இன்னும் கூடிவிட்டது. அன்றைக்கே ஒரு கூடை அதிரசம் வேண்டும் என்று முத்தாலம்மைக்குச் சொல்லி அனுப்பினார். நாள் சொல்வது தன் பொறுப்பில்லை என்று அவள் கும்பிட்டுவிட்டுப் புறாவை விட்டாள். அடுத்த நாள் பதில் வந்தது.

"மகாராஜாவுக்கு வணக்கம். தங்களுக்கு முன்னால் ஒரு காதுகுத்தும் ஒரு கிரகப்பிரவேசமும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை தோதுப்படுமா?"

ராஜா ஓலையை இரண்டு தடவை படித்தார். பிறகு, தோதுப்படும் என்று எழுதச் சொன்னார்.