சந்தனத்தில் பழுதுபார்த்த தோணி

கேட்கிறவர்கள் நெருங்கி உட்காருங்கள். கலங்கரை விளக்கம் கட்ட வேண்டுமென்று யாருக்கும் தோன்றாத காலத்தில், வாலித்துறை என்ற பட்டினத்தில் ஒரு வணிகன் இருந்தான். பெயர் பெருநம்பி. அதற்கு அவன் பொறுப்பல்ல, பெற்றவர்கள் வைத்தது.

அவனிடம் தாத்தா காலத்துத் தோணி ஒன்று இருந்தது. அடிப்பலகை உளுத்துவிட்டது. விலா எலும்புபோல உள்ளே வளைந்து நிற்கும் வங்குகளில் நான்கு முறிந்துவிட்டன. பலகை இடுக்குகளில் பூசிய பிசின் உதிர்ந்து, நண்டுகள் தாராளமாகப் போய்வந்தன.

தோணித் தச்சனை ஓடாவி என்பார்கள். வாலித்துறையின் ஒரே ஓடாவி உலகன். அவன் மூன்று நாள் தோணியைத் தட்டிப் பார்த்தான். பிறகு மூன்று பொருள் கேட்டான். அடிக்கு இலுப்பைப் பலகை. வங்குக்கு, வளைந்தே வளர்ந்த கருவேலங்கிளை. இடுக்குக்கு, வேப்பெண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம்.

பெருநம்பி மூக்கைப் பொத்திக்கொண்டான். எண்ணெய் அப்போது அடுப்பில்கூட ஏறவில்லை.

“கோணக் கட்டையைக் கொண்டாந்து என் தோணிக்குள்ள வைப்பியா? பாக்கிறவன் என்ன சொல்லுவான்?”

“உள்ள இருக்கிறத யாரு ஐயா பாக்கப் போறா?”

“எனக்குத் தெரியுமே.”

பெருநம்பியின் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு அவனுக்கு யோசனை சொல்ல மூவர் இருந்தார்கள். ஒரு புலவர், ஒரு சோதிடர், ஒரு வாசனைச் சரக்கு வியாபாரி. மூவரும் தோணியில் ஏறியதில்லை. ஆகவே மூவருக்கும் அதைப்பற்றித் தெளிவான கருத்து இருந்தது.

அடிக்குச் சந்தனம் என்றார் புலவர். கடலரசன் மார்பில் பூசியதுபோல் இருக்குமாம். வங்குக்கு நேரான தேக்கு என்றார் சோதிடர். கோணல் மரம் சனிக்கு உரியதாம். இடுக்குக்குச் சாம்பிராணி என்றார் வியாபாரி. அவரிடம் இரண்டு மூட்டை விற்காமல் கிடந்தது.

உலகன் பொறுமையாகச் சொன்னான். சந்தன மரத்தில் அகலப் பலகை கிடைக்காது, ஒன்று வேண்டிய இடத்தில் ஐந்தை ஒட்ட வேண்டும், ஒட்டு பெருகினால் ஓட்டையும் பெருகும். நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுந்துபோகும், வளைந்து வளர்ந்த கிளையில்தான் நாரும் வளைந்து ஓடும். சாம்பிராணி காய்ந்தால் பொடிந்துவிடும்.

“நாரைப் பத்தி இவன் நமக்குச் சொல்றான்” என்றான் பெருநம்பி. மூவரும் சிரித்தார்கள். “சொன்னதச் செய்யி. இல்லன்னா இந்தத் துறையில நீ உளியைத் தொட முடியாது.”

வாலித்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. பழுதுபார்த்த தோணி முதன்முதலாக அலை தாண்டும்போது, மரத்தைத் தேர்ந்தவன் அடியறையில் உட்கார வேண்டும். மேலே பலகையை மூடி ஆப்பு அடித்துவிடுவார்கள். தோணி திரும்பினால்தான் திறப்பார்கள். எப்போதும் ஓடாவியே மரத்தைத் தேர்ந்ததால், அது ஓடாவி உட்காரும் வழக்கம் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உலகன் அப்படி நினைக்கவில்லை. அவனுக்கு மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். சந்தன மணத்தோடு மூழ்கிச் சாக அவனுக்கு விருப்பமில்லை.

“செஞ்சுடறேன் ஐயா. ஒண்ணே ஒண்ணு. இந்த உசந்த மரத்தையெல்லாம் நான் தேர்ந்தேன்னு ஊரு நினைச்சுட்டா உங்களுக்குக் கொறைச்சல். நீங்க தேர்ந்ததுன்னு முரசு அடிச்சுச் சொல்லிடுங்க.”

பெருநம்பிக்கு இது மிகவும் பிடித்தது. மூன்று தெருவில் மூன்று நாள் முரசு அடித்தார்கள்.

தோணி தயாரானது. ஊரே கரைக்கு வந்து முகர்ந்து பார்த்தது. தோணியை ஓட்டும் தண்டல் அடியறைப் பலகையைத் தூக்கிப் பிடித்தான். உலகன் கைகட்டி நின்றான்.

“ஏறு ஓடாவி” என்றான் தண்டல்.

“மரத்தைத் தேர்ந்தவங்க ஏறணும். முரசு கேக்கலையா அண்ணே?”

தண்டல் கொஞ்சம் யோசித்தான். பிறகு பெருநம்பியைப் பார்த்தான். ஊரும் பார்த்தது. துடுப்புக்காரர்களில் ஒருவன், “ஐயா உடம்புக்கு வாசல் பத்துமா?” என்று கேட்டான்.

பெருநம்பிக்கு வியர்த்தது. யோசனை தன்னுடையதல்ல, புலவருடையது என்றான். புலவருக்கு அடைத்த இடத்தில் மூச்சு முட்டுமாம். சோதிடருக்கு அன்று சந்திராஷ்டமம், நீரில் இறங்கக் கூடாதாம். வாசனை வியாபாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இருந்த இடத்தில் செருப்பு மட்டும் இருந்தது.

கடைசியில் அடியறையில் ஆள் எடைக்கு மணல் மூட்டை வைத்து அனுப்பினார்கள். முதல் அலையில் சாம்பிராணி உதிர்ந்தது. இரண்டாம் அலையில் சந்தன ஒட்டுகள் வாய் பிளந்தன. மூன்றாம் அலையில் தேக்கு வங்குகள் குறுக்கே முறிந்தன. துடுப்புக்காரர்கள் நீந்தி வந்தார்கள். மணல் மூட்டை வரவில்லை. கயிறு கட்டி இழுத்ததில் தோணியின் கூடு மட்டும் கரைசேர்ந்தது.

பெருநம்பி இப்போது மரத் தேர்வை ஓடாவியிடமே விட்டான். உலகன் மறுபடி அடுப்பு மூட்டினான். இலுப்பை வந்தது. ஆடு மேய்கிற காட்டிலிருந்து கோணல் கருவேலம் வந்தது. வேப்பெண்ணெய் நாற்றம் ஒரு மாதம் ஊரைவிட்டுப் போகவில்லை.

இந்த முறை யாரும் அழைக்கும் முன்பே உலகன் அடியறைக்குள் இறங்கினான். ஆப்பு அடித்தார்கள். தோணி மூன்று அலையையும் தாண்டியது, திரும்பியது. பலகையைத் திறந்தபோது அவன் முதுகு வியர்த்திருந்தது. வேட்டி நனையவில்லை.

அதற்குள் கரையில் புலவர் கோணலின் அழகைப் பாடத் தொடங்கியிருந்தார். சனி உச்சத்தில் இருப்பதைச் சோதிடர் கண்டுபிடித்துவிட்டார். குங்கிலியம் எங்கே மலிவு என்று வியாபாரி விசாரித்துக்கொண்டிருந்தார். தானும் முதலிலிருந்தே கருவேலத்தைத்தான் நினைத்ததாகப் பெருநம்பி சொன்னான்.

உலகன் உளிகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

தான் ஏறி உட்காரத் துணியாத தோணிக்கு மரம் சொல்கிறவனின் பேச்சைக் கேட்கக் கூடாது.