பிசின் யாருக்கு?

“இந்தச் செடிக்கு எதுக்கும்மா இந்தப் புத்தி?”

கேட்டபோது பொன்னுரங்கத்தின் கையில் மண்வெட்டி இருந்தது. எதிரே ஓடைக்கரையில், தானாக முளைத்த ஏழெட்டுக் கஞ்சாச் செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அறுபது வயதில் அந்த மலைக் குடிலுக்கு வந்து சேர்ந்தார். குருவான நாச்சியாரம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

“எந்தப் புத்தியைச் சொல்றீங்க?” என்றார் அம்மை.

“மனுஷனைப் பைத்தியமாக்குற புத்தியை. என் தம்பி சிகாமணி பத்து வருஷம் இதைப் புகைச்சான். இப்ப கண்ணாடியைப் பார்த்து, ‘யாருங்க நீங்க, உள்ள வாங்க’ன்னு கூப்பிடுறான். இதெல்லாம் ஒரு கீரையா முளைச்சிருக்கக் கூடாதா? ஏன் விஷத்தைச் சுரந்து வச்சுக்கிட்டு நிக்குது?”

“யாருக்காகச் சுரக்குதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் வெட்டிக்கலாம்.”

பொன்னுரங்கம் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.

பெண்செடிகளின் பூங்கொத்தில் பனி படிந்தது போல ஒரு மினுமினுப்பு. தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் வாடை போகவில்லை.

மறுநாள் ஓடி வந்தார்.

“பூச்சிக்காகம்மா! தின்ன வந்த அசுவினிப் பூச்சியெல்லாம் கால் ஒட்டிச் செத்துக் கிடக்கு.”

“இருக்கலாம்.”

அம்மை எழுந்து வந்து ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். பச்சைப் புழு ஒன்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

“இவருக்கு யாரும் சொல்லலை போல.”

பொன்னுரங்கம் மறுபடியும் போய் உட்கார்ந்தார்.

மேய வந்த வெள்ளாடு பூவில் மூக்கை வைத்தது. தும்மியது. தலையை உதறிவிட்டு, அடியில் இருந்த இலைகளை மட்டும் கடித்துக்கொண்டு போனது.

“ஆட்டுக்காகம்மா. அடி இலையை விட்டுக் கொடுக்குது. விதை பிடிக்கிற இடத்தை மட்டும் விடமாட்டேங்குது.”

“இருக்கலாம்.”

“இல்ல, வெயிலுக்காகவும் இருக்குமோ? மேட்டில வெயில்ல நிக்கிற செடியில பிசின் அதிகமா இருக்கு. எண்ணெய் பூசிக்கிட்ட மாதிரி.”

“அதுவும் இருக்கலாம்.”

“எல்லாத்துக்கும் இருக்கலாம்னா எப்படிம்மா? எதுதான் நிஜம்?”

“செடி ஒருத்தருக்குத்தான் பதில் சொல்லணுமா என்ன?”

பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தெரியாத ஊரில், பாதை முட்டிய சந்தில் பஸ்ஸைத் திருப்ப நிற்பவர் போல நின்றார்.

“பூச்சி, ஆடு, வெயில். சரி. மனுஷன் எங்க வர்றான்?”

“மனுஷன் இதைப் பார்க்கிறதுக்கு முந்தியே அது பிசினோடதான் நின்னுச்சு.”

“அப்ப மயக்கம் எதுக்கு?”

அம்மை முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தார்.

பொன்னுரங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராகச் செடியிடம் போனார். பிசின் மின்னிய ஒரு கொத்தைப் பறித்து வாயில் போட்டு மென்று விழுங்கினார். கசப்பில் கண்ணில் நீர் வந்தது.

‘தம்பிக்கு என்ன செஞ்சியோ, அதை எனக்கும் செய்.’

காத்திருந்தார். குடிலின் நிழல் நீண்டு ஓடையைத் தொட்டது. கசப்பாக ஓர் ஏப்பம் வந்தது. அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது அவர் முகம் காலையில் இருந்ததைவிடக் குழம்பியிருந்தது.

“மயக்கமே வரலையேம்மா!”

“பச்சையில அது அவ்வளவா இல்லை. தீ பட்டாத்தான் வேற ஒண்ணா மாறும்.”

“தீயா?”

“ஆமா.”

“செடி தனக்குத் தானே தீ வச்சுக்காதே!”

“வச்சுக்காது.”

“அப்ப அந்த மயக்கம் யாருக்காக?”

“தீ வச்சவரைத்தான் கேக்கணும்.”

பொன்னுரங்கம் அப்படியே ஓடைக்கரைக்குப் போய்ப் பாறையில் உட்கார்ந்தார்.

நினைவுக்கு வந்தது பல வருஷத்துக்கு முந்தைய, மழை பிடித்த ஒரு சாயங்காலம். பஸ் டெப்போவின் பின்சுவர். இருபது வயது சிகாமணி அண்ணனைப் பார்க்க வந்திருந்தான். அதுவரை ஒரு பீடிகூடத் தொடாதவன். “இழுத்துப் பாருடா, வேலைக் களைப்பெல்லாம் பறந்துரும்” என்று யாரோ கஞ்சா பீடியை நீட்டினார்கள். அவன் உரசிய தீக்குச்சிகளைக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

“இதுகூடத் தெரியலையாடா உனக்கு?”

சொன்னவர் பொன்னுரங்கம்தான். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துக் காற்றை மறைத்து, தம்பிக்குப் பற்ற வைத்துக் கொடுத்தார்.

வீட்டில் யாருக்கும் இது தெரியாது. இத்தனை வருஷத்தில் அவரே அதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

தண்ணீர் எடுக்க ஓடைக்கு வந்த அம்மை, குடத்தைக் கரையில் வைத்தார்.

“கேட்டீங்களா?”

“கேட்டேம்மா.”

“என்ன சொல்றார்?”

பொன்னுரங்கம் தன் உள்ளங்கைகளை விரித்து வெகுநேரம் பார்த்தார்.

“தீ வச்சவனுக்கும் தெரியலையாம்.”