வெறுங்கிளையில் ஒரு மீன்கொத்தி

அம்பாசமுத்திரத்தில் கல்யாணப் படம் எடுக்கும் பிரமநாயகம் அண்ணாச்சி வாயைத் திறந்தால், தாமிரபரணி மேற்கே பார்த்து ஓடும். அன்றைக்கு மாசானத்தின் டீக்கடையில் வாயைத் திறக்க அவருக்கு வலுவான காரணமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும் படகில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். ஆற்றுப் பறவை ஒன்றை ஒழுங்காகப் படம் பிடித்துக் காட்டினால் அந்த இடம் அவருக்கு என்று கணக்கெடுப்பை நடத்தும் செண்பகவல்லி டீச்சர் சொல்லியிருந்தார். மாலையையும் மேடையையும் எடுத்தே சலித்துப்போன மனிதருக்கு அந்தப் படகின் மேல் அப்படி ஓர் ஆசை.

கேமராவில் இருந்ததோ வெறுங்கிளை. மூவிரல் மீன்கொத்தி, லேசில் கண்ணில் படாத குட்டிப் பறவை, வந்து உட்காரத்தான் செய்தது. அண்ணாச்சி பழக்க தோஷத்தில், "இங்க பாருங்க, லேசா சிரிங்க!" என்று குரல் கொடுத்துவிட்டார். போயே போய்விட்டது. இதை வெளியில் சொல்ல முடியுமா?

"கிளை நல்லாயிருக்கு அண்ணாச்சி. பறவை எங்க?" என்றார் கேமராவை வாங்கிப் பார்த்த டீச்சர்.

"அதோட வேகம் உங்களுக்குத் தெரியாது டீச்சர். நான் பொத்தானை அமுக்குததுக்குள்ள தண்ணியில பாய்ஞ்சு, மீனைக் கொத்தி, திரும்பி வந்து உட்கார்ந்திட்டு."

டீ ஆற்றிக்கொண்டிருந்த மாசானம் கையை நிறுத்தினார். "திரும்பி வந்ததை எடுக்க வேண்டியதுதானே வே?"

"எடுக்காமலா? கழுத்தளவு தண்ணியில, தலையில ஆகாயத்தாமரையைக் கவுத்துக்கிட்டு நின்னேன். புதர்னு நினைச்சு லென்ஸ் மேலயே வந்து உட்கார்ந்திட்டு. இவ்வளவு கிட்டத்துல எப்படி எடுக்க? 'கொஞ்சம் பின்னால போங்க'ன்னேன். போச்சு."

"மரியாதை தெரிஞ்ச பறவை" என்றார் மாசானம்.

"கேளும் வே! 'தனியா எதுக்கு, குடும்பத்தோட எடுத்திருங்க'ன்னு சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிட்டு வந்திட்டு. ஆத்து ஆலா வந்தாச்சு, முக்குளிப்பான் வந்தாச்சு. சாம்பல் நாரை மட்டும் அக்கரையில முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கி. என்னன்னு கேட்டா, முறைப்படி கூப்பிடலையாம்!"

"அது மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா இருக்கும்."

"ஒண்ணுவிட்ட பெரியப்பா. நான்தான் நீந்திப் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். வந்ததும் நேரா நடு நாற்காலியில போய் உட்கார்ந்துகிட்டு."

"ஆத்துக்குள்ள நாற்காலியா?"

"ஆமை போட்டுக் கொடுத்திச்சு வே. குட்டையானதெல்லாம் முன்னால, நெட்டையானதெல்லாம் பின்னால. நீர்க்காகம் இறக்கையை விரிச்சு மூணு பேர மறைக்கி, மடக்கச் சொன்னேன். ஒருத்தரும் கண்ணு சிமிட்டலை. ஒரே கிளிக்!"

மாசானம் டீயை மறந்து சிரித்தார். டீச்சரின் உதட்டோரம்கூட அசைந்தது. இடம் கிடைத்துவிட்டது என்றே அண்ணாச்சி நினைத்தார்.

"அந்தப் படத்தைக் காட்டுங்களேன்" என்றார் டீச்சர்.

"அதெப்படி டீச்சர்? ஆல்பம் போட்டு அவங்க கையில கொடுக்கதுக்கு முன்னால வெளியாளுக்குக் காட்டினா தொழில் என்னத்துக்கு ஆகும்?"

"அப்போ என் கண்ணு முன்னால இருக்கது இந்த வெறுங்கிளைதான்."

"வெறுங்கிளைன்னு சொல்லாதீங்க. மீன்கொத்தி அதுலதான் இருக்கு. அது போய்ட்டு வர்ற வேகத்துல உங்க கண்ணுக்குப் பிடிபடலை, அவ்வளவுதான்."

டீச்சர் கேமராவைப் பத்திரமாக அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"சரி அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை படகுல நீங்களும் இருக்கீங்க. எங்க கண்ணுக்குத்தான் பிடிபட மாட்டீங்க."