குறுக்குப் பேச்சு

எத்தனை அழித்தாலும் ஹார்ட் டிஸ்க் 'இடமில்லை' என்றே சொன்னது. தில்லைநாயகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கனகசபைச் சாமியின் சத்சங்கம். நாளையிலிருந்து ஒரு வருடம் சாமி மௌனம். இன்றைய பேச்சு பதிவாகாமல் போனால் தில்லைநாயகம் உயிரோடு இருந்து என்ன பயன்? அவர் அப்படித்தான் நினைத்தார். சாமியின் வாக்கில் ஒரு சொல்லையும் சிந்தவிடுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு, அரசு வேலையில் ஓய்வு பெற்ற மறுவாரமே மடத்துக்கு வந்தவர் அவர். ஆறு வருடமாகக் காமிராவும் கையுமாக இருக்கிறார். கல்யாணம், கருமாதி எதற்கும் மடத்தை விட்டு நகர்ந்ததில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினார். அவரைவிடப் பத்து வயது இளையவரான சாமி அங்கே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, டிஸ்க் நிறைஞ்சுபோச்சு. மடத்துப் போட்டோ, திருவிழா வீடியோ எல்லாத்தையும் அழிச்சுட்டேன். அப்பவும் இடம் வரலை. இனி உங்க பேச்சுலதான் எதையாவது எடுக்கணும். எதைன்னு நீங்கதான் சொல்லணும்."

"இதுவரைக்கும் என் பேச்சுல எதுவுமே எடுத்ததில்லையா ஐயா?"

"ஒரு எழுத்தைத் தொட்டதில்லை. குறுக்குப் பேச்சைத்தான் வெட்டுவேன்."

"அது என்னது?"

"சனங்க கேக்கற கேள்வி, இருமல், அழுகை. அதெல்லாம் நமக்கெதுக்கு?"

சாமி கீரைக்காம்பை ஓரமாக வைத்தார். "வெட்டினது எங்க போகும்?"

தில்லைநாயகம் இதை யோசித்ததே இல்லை. அழித்தால் போய்விடும் என்றுதான் இருந்தார். டிஸ்க்கின் குப்பைத்தொட்டியைத் தேடித் திறந்தார்.  ஆறு வருடமாக வெட்டிப் போட்ட துண்டுகள் ஒன்றுகூடப் போகவில்லை. பாதி டிஸ்க்கை அவைதான் அடைத்துக்கொண்டிருந்தன. இன்று காலை அழித்ததும் அதற்குள்ளேதான் கிடந்தது.

"அட, இவ்வளவுதானா. ஒரு நிமிஷத்துல காலி பண்ணிடறேன் சாமி."

"கொட்டறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாத்துடுவோம். மாசிப் பௌர்ணமி இருக்கா?"

இருந்தது. எட்டு மாதத்துக்கு முந்தைய துண்டு. தில்லைநாயகம் அதைப் பார்த்ததில்லை. எந்தத் துண்டையுமே பார்த்ததில்லை. சாமிக்கு ஒரு மைக், சனங்களுக்கு ஒரு மைக். கம்ப்யூட்டரில் இரண்டும் இரண்டு கோடாகத் தெரியும். சாமியின் கோடு அசையாத இடத்தையெல்லாம் கண்ணாலேயே பார்த்து வெட்டிவிடுவார். சத்சங்கம் நடக்கும்போதும் ஹெட்போனில் சாமியின் மைக்கை மட்டும்தான் வைத்திருப்பார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திரையில் சாமி பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் குரல் மட்டும் கேட்டது.

"சாமி, எங்க வீட்டுக்காரரு இங்க வந்து அஞ்சு வருஷத்துக்கு மேலாச்சு."

தில்லைநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மங்கையர்க்கரசியின் குரல். அவர் மனைவி.

"பௌர்ணமி தவறாம நானும் வர்றேன். பக்கத்துல போனா, காமிராவை மறைக்காதே, தள்ளி உக்காருங்கறாரு. எனக்கு ரெண்டு கண்ணும் மங்கிக்கிட்டே வருது. ஆபரேஷன் பண்ணணுமாம். வீட்டு ஆள் ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. எங்களுக்குப் பிள்ளைங்களும் இல்ல. அவரு ஒரே ஒரு நாள் வருவாரா, சாமி?"

குரல் நின்றது. திரையில் சாமி வாயைத் திறக்கவில்லை. முகத்தை மெல்லத் திருப்பி, நேராகக் காமிராவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதோடு துண்டு முடிந்தது.

 அந்தப் பார்வை தில்லைநாயகத்துக்கு நினைவிருந்தது. விளக்கு வெளிச்சம் சாமியின் கண்ணில் அடிக்கிறது போலிருக்கிறது என்று எண்ணி, அன்று எழுந்துபோய் விளக்கைத் திருப்பி வைத்தார். சாமி பேசாத நேரம் என்று அதையும் வெட்டிப் போட்டார்.

மங்கையர்க்கரசி அதற்குப் பிறகு மடத்துக்கு வந்தாளா? பங்குனியில் வந்தாளா, சித்திரையில்? அவர் எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். வந்ததாக நினைவில்லை. வராததைக் கவனித்ததாகவும் நினைவில்லை. 

"எனக்குக் கேக்கவே இல்லை சாமி. சத்தியமாக் கேக்கலை."

சாமி குனிந்து அடுத்த கொத்தை ஆய்ந்தார்.

"எட்டு மாசமா நீங்களும் ஒரு வார்த்தை சொல்லலையே."

 வாசலில் சனங்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். யாரோ பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. தில்லைநாயகம் லேப்டாப்பைத் தள்ளி வைத்தார்.

"அவளுக்கு நீங்க என்ன பதில்தான் சொன்னீங்க?"

சாமி நிமிர்ந்தார்.

"அது எனக்கு வந்த கேள்வி இல்லை ஐயா. அதான் உங்களையே பாத்துக்கிட்டிருந்தேன். இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."